புறப்படுவதும் போய்ச் சேர்வதும்

சுழலும்போது தன் வடிவத்தால் இன்னொரு பாகத்தை நகர்த்தும் இயந்திர உறுப்புதான் கேம். அதை வடிவமைப்பவனின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நின்றுகொண்டிருக்கும் ஒன்றைக் கிளப்பி, குறித்த தூரம் கொண்டுபோய், குறித்த நேரத்துக்குள் மறுபடி நிற்க வைக்க வேண்டும். சோப்பை உறைக்குள் தள்ளும் தகடு, பாட்டிலுக்கு மூடி போட இறங்கும் தலை, நூலை இடமும் வலமும் கொண்டுபோகும் கை என்று பொருள் மாறும், வேலை மாறாது. நேரத்தைக் கிடையாகவும் தூரத்தைச் செங்குத்தாகவும் வைத்து அந்த நகர்வை வரைந்து பார்த்தால் எப்போதும் ஓர் எஸ் எழுத்து கிடைக்கும். கீழே தட்டையாகத் தொடங்கும், நடுவில் விறுவிறுவென ஏறும், மேலே போய் மறுபடி தட்டையாகும். கோயம்புத்தூரில் முதலில் ஜவுளி இயந்திரங்களுக்கும் பிறகு பேக்கிங் இயந்திரங்களுக்குமாக, என் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வளைவைத்தான் வரைந்து வந்திருக்கிறேன்.

எஸ் வளைவைப் பார்க்கிற எவருக்கும் கண் முதலில் அதன் நடுவுக்குப் போகும். எனக்கு முனைகளுக்குப் போகும். இயந்திரம் சத்தம் போடுவதும், ரோலர் தேய்வதும், பிடித்த பொருள் நழுவுவதும் பெரும்பாலும் முனைகளில்தான் ஆரம்பிக்கின்றன. முனைகளில் அமைதி வேண்டுமானால் அதற்கான விலையை நடுவில் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு அமைதிக்கு எவ்வளவு விலை என்பதைத் தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தொழில் என்று நான் நினைக்கிறேன். சூத்திரங்களின் பட்டியலைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் எதற்கு என்ன விலை கேட்கிறது என்பது கூடவே வேலை செய்தால்தான் பிடிபடும்.

கணக்கை எளிதாக்க எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நகர்வுக்கான மொத்த நேரத்தை 1 என்றும், மொத்தத் தூரத்தை 1 என்றும் வைத்துக்கொள்வோம். கழிந்த நேரத்தின் பங்கை 'ப' என்று குறித்தால், அது 0-இல் தொடங்கி 1-இல் முடியும். கடந்த தூரமும் அப்படியே 0-இல் தொடங்கி 1-இல் முடிய வேண்டும். இந்த 1-க்கு 1 பெட்டிக்குள் கிடைக்கும் உச்ச முடுக்கத்தை, நிஜத் தூரத்தை நிஜ நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணால் பெருக்கினால் நிஜ முடுக்கம் வந்துவிடும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 சுற்று ஓடும் ஷாஃப்ட். அது 120 பாகை திரும்புவதற்குள், கேமை ஒட்டி நகரும் பாகமான ஃபாலோயர் 60 மி.மீ. ஏற வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை விநாடி, அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.167 விநாடிதான் ஏற்றத்துக்கு. 60 மி.மீ.யை அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 2.16 மீ/வி². ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் இந்த எண் நான்கு மடங்காகும். சோதனை ஓட்டத்தில் சாதுவாக இருந்த இயந்திரம், உற்பத்தி வேகத்துக்கு ஏற்றியதும் வேறு இயந்திரம் போல நடந்துகொள்வதற்கு இந்த வர்க்கம்தான் காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பட்டறையில் ஓடிய பழைய கேம்களில் பெரும்பாலானவை சீரிசை இயக்கத்தில் வெட்டப்பட்டவை. பொறியியல் படித்த எல்லோரும் வரைபட வகுப்பில் அதை வரைந்திருப்பார்கள்: ஏற்றத்தின் உயரத்தை விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் போட்டு, அதைச் சம பாகங்களாகப் பிரித்து, புள்ளிகளைப் பக்கவாட்டில் நீட்டிக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ட்ராஃப்டரும் காம்பஸும் போதும். அதன் உச்ச முடுக்கம் 4.93, நம் உதாரணத்துக்கு 10.7 மீ/வி². இன்னொரு பழைய முறை, முதல் பாதிக்கு ஒரு பரவளையம், அடுத்த பாதிக்கு அதையே கவிழ்த்த இன்னொரு பரவளையம். அதன் முடுக்கம் 4 மட்டுமே. நின்ற நிலையிலிருந்து கிளம்பி நிற்கும் நிலைக்குப் போகிற எந்த நகர்வும் 4-க்குக் கீழான உச்ச முடுக்கத்தோடு முடியவே முடியாது. பரவளையம் அந்தக் கணித எல்லையையே தொட்டு நிற்கிறது. காகிதத்தில் பார்த்தால் அதைவிட நல்ல வளைவு கிடையாது.

ஆனால் பட்டறையில் அதுதான் உதைக்கும். என்னோடு வேலை பார்த்த மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வயதில் பெரியவராக இருந்தும் அவர் என்னைச் சார் என்பார். ஓடுகிற இயந்திரத்தின் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். "ஏறறப்ப ஒண்ணும் இல்லைங்க சார், போயி நிக்கறப்பத்தான் ஒதைக்குதுங்க" என்று அவர் சொன்னால், கணக்கைத் திறந்து பார்க்காமலே எனக்குப் புரிந்துவிடும்: முனையில் முடுக்கம் பூஜ்யமாகவில்லை.

பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது உடம்பில் தெரிந்த விஷயம். ஓட்டுநர் பிரேக்கை ஒரே அழுத்தமாகப் பிடித்துக்கொண்டே நிறுத்தினால், வேகம் குறைந்து வரும் நேரம் முழுவதும் நாம் சமாளித்துவிடுவோம்; வண்டி நின்ற அந்தக் கணத்தில்தான் பின்பக்கமாகத் தூக்கிப்போடும். நம்மைத் தள்ளிக்கொண்டிருந்த முடுக்கம் சட்டென்று மறைந்ததே அதற்குக் காரணம். முடுக்கம் மாறுகிற வீதத்தைப் பட்டறையில் ஜெர்க் என்கிறோம். சீரிசை வளைவு தொடக்கத்திலும் முடிவிலும் முடுக்கத்தைத் திடீரென்று போட்டுத் திடீரென்று எடுக்கிறது. பரவளையம் அதோடு நிற்காமல் நடுவிலும் கூட்டல் 4-இலிருந்து கழித்தல் 4-க்கு ஒரே தாவாகத் தாவுகிறது. பள்ளம் வெட்டிய கேமாக இருந்தால் அந்தக் கணத்தில் ரோலர் ஒரு சுவரை விட்டு எதிர்ச் சுவருக்குத் தாவி, சுழலும் திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் ரோலர் சறுக்கித் தேய்ந்த தடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஃபாலோயர், கை, இணைப்புக் கம்பி எல்லாம் ஓரளவு வளைந்து கொடுப்பவை, ஆகவே ஸ்பிரிங் போல நடந்துகொள்பவை. அப்படிப்பட்ட ஒன்றின் மேல் விசையைத் திடீரென்று ஏற்றினால், அதே விசையை மெல்ல ஏற்றினால் எவ்வளவு வளையுமோ அதைப்போல இரண்டு மடங்கு வரை வளைந்து, பிறகு ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே பரவளையத்தின் 4 என்பது இயந்திரத்துக்கு 4 இல்லை. தொடக்கத்திலேயே 8 வரை போகும். மெல்லத் தொடங்கி மெல்ல முடிகிற வேறொரு வளைவின் 6 அதைவிடக் குறைந்த சுமை. இதை உணர்ந்த பிறகு உச்ச எண்ணை மட்டும் பார்த்து வளைவைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் போய்விடும்.

ஹெரால்டு ராத்பார்ட் 1956-இல் எழுதிய 'கேம்ஸ்' என்ற புத்தகத்தின் தலைமுறை இந்த விஷயத்தை நன்றாகவே அறிந்திருந்தது. அவர்கள் கையாண்ட வளைவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது சைக்ளாய்டு. ப-இலிருந்து, 2π ப-வின் சைனை 2π-ஆல் வகுத்துக் கழித்தால் அதுதான். முடுக்கம் ஒரு முழுச் சைன் அலை. பூஜ்யத்தில் தொடங்கி, ஏறி, இறங்கி, எதிர்ப்பக்கம் போய், பூஜ்யத்தில் முடிகிறது. உச்ச வேகம் 2, உச்ச முடுக்கம் 6.28. எங்கும் தாவல் இல்லை. டேபிளைத் திருப்பி நிறுத்தும் இண்டெக்ஸ் பெட்டிகளில் இதற்குச் சற்று மாறான திருத்திய சைன் வளைவு அதிகம் புழங்குகிறது. அதன் முடுக்கம் 5.53, உச்ச வேகம் 1.76 மட்டும். கனமான டேபிளைத் திருப்பும்போது அந்தக் குறைந்த வேகத்துக்கு மதிப்பு அதிகம்.

பல்லுறுப்புக் கோவைகளின் கதை வேறு. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை என்பது எனக்குத் தாமதமாகக் கிடைத்த சந்தோஷம். ப-வையும் (1−ப)-வையும் பெருக்கிப் பாருங்கள். ப 0 ஆனாலும் பூஜ்யம், 1 ஆனாலும் பூஜ்யம், நடுவில் மேடு. அதையே வேகம் என்று எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் 1 ஆகும்படி 6-ஆல் பெருக்கினால் 3ப² − 2ப³. இரண்டையும் வர்க்கமாக்கிப் பெருக்கிக் கூட்டி, 30-ஆல் பெருக்கினால் 10ப³ − 15ப⁴ + 6ப⁵. கனமாக்கி 140-ஆல் பெருக்கினால் 35ப⁴ − 84ப⁵ + 70ப⁶ − 20ப⁷. படி ஒன்று ஏற ஏற முனைகளில் இன்னும் ஓர் அடுக்கு பூஜ்யமாகிறது. முதலாவதில் வேகம் மட்டும், இரண்டாவதில் முடுக்கமும், மூன்றாவதில் ஜெர்க்கும். புள்ளியியல்காரர்கள் முழுமையடையாத பீட்டா சார்பு என்று அழைப்பதும் இதே குடும்பம்தான். அடுக்குகள் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அதில் இல்லை.

இந்த மூன்றும் தத்தம் அளவில் சிறந்தவை. முடுக்கத்தின் வர்க்கத்தை நேரம் முழுவதும் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்க வேண்டுமென்றால் விடை மூன்றாம் படி. ஜெர்க்கின் வர்க்கம் குறைய வேண்டுமென்றால் விடை ஐந்தாம் படி. அதற்கும் அடுத்த வீதத்தின் வர்க்கம் என்றால் ஏழாம் படி. எதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று சொல்லிவிட்டால் வளைவு தானாக வந்து நிற்கிறது. விலைதான் ஏறிக்கொண்டே போகும். ஐந்தாம் படியின் உச்ச முடுக்கம் 5.77, ஏழாம் படிக்கு 7.51. நம் உதாரணத்தில் 12.5 மீ/வி² எங்கே, 16.2 மீ/வி² எங்கே.

அந்த விலை எப்போது வீண் என்பதைக் கிரைண்டிங் மெஷின்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதே 60 மி.மீ. ஏற்றத்தில், ஷாஃப்ட் முதல் 5 பாகை திரும்பியதும் ஃபாலோயர் எவ்வளவு உயர்ந்திருக்கும்? சீரிசையில் 0.26 மி.மீ., பரவளையத்தில் 0.21. ஐந்தாம் படியில் 0.04, சைக்ளாய்டில் 0.03. ஏழாம் படியில் 0.006. முதல் ஒரு பாகையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஐந்தாம் படி கேட்பது ஒரு மி.மீ.யில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஏழாம் படி கேட்பது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. நாங்கள் கேமை டிவைடிங் ஹெட்டில் ஏற்றி, பாகைக்கு ஓர் அளவு என்று அட்டவணையைப் பார்த்து மில்லிங் செய்து, மேடு பள்ளத்தை அரத்தால் தேய்த்துச் சமன் செய்த காலம் அது. பிறகு வந்த நல்ல கிரைண்டிங்கிலும் நூறில் ஒரு மி.மீ.யை நம்பலாம், அதற்குக் கீழே நம்ப முடியாது. அந்த உலோகத்தில் ஏழாம் படியின் மென்மை எங்கே இருக்கும்? கல் விட்ட அலை அதை மூழ்கடித்துவிடும். நூறில் ஒன்றுக்கு வெட்டும் பட்டறையில் ஏழாம் படியைக் கேட்பவர், கூடுதல் முடுக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அமைதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொண்டதில்லை.

சர்வோ மோட்டார்கள் வந்த பிறகு வளைவு உலோகத்தை விட்டுக் கண்ட்ரோலரின் நினைவகத்துக்குப் போனது. கேமைக் கழற்றி மாற்றாமலே வளைவை மாற்றலாம் என்பது எங்கள் தலைமுறைக்குப் பெரிய விடுதலை. ஜெர்மானியப் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2143 என்ற வழிகாட்டி 1980-இலேயே இந்த இயக்க விதிகளை அவற்றின் உச்ச எண்களோடு தொகுத்துவிட்டது. இன்றைய மென்பொருள்களில் வளைவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்தால் அதே பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ட்ரோலர்களில் எஸ் கர்வ் என்று போட்டிருப்பது வேறொரு சங்கதி. ஜெர்க்கை ஒரு வரம்புக்குள் நிறுத்தி, முடுக்கத்தைச் சரிவாக ஏற்றி இறக்கும் முறை அது. முனைகளில் முடுக்கமும் பூஜ்யமாக இருந்து, ஜெர்க்கின் உச்சம் மிகக் குறைய வேண்டுமென்றால் அந்த எண் 32. அப்போது முடுக்கம் 8 ஆகிவிடும். ஐந்தாம் படியின் ஜெர்க் 60, முடுக்கம் 5.77. இரண்டையும் ஒருசேர அவற்றின் மிகக் குறைந்த எல்லைக்குக் கொண்டுவருகிற வளைவு கிடையாது.

கணினி படித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் லாஜிஸ்டிக் வளைவோடு வருகிறார்கள். பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் மக்கள்தொகை வளர்ச்சிக்காக எழுதியது அது. அழகான வளைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டே இருக்கும், தொடாது, ஒன்றையும் தொடாது. நடு ப = 0.5-இல் இருக்கும்படி வைத்து, செங்குத்துக்கு 10 என்று கொடுத்து அதை நம் பெட்டிக்குள் வெட்டிவைத்தால், தொடக்கத்திலேயே மதிப்பு 0.0067. நம் 60 மி.மீ. ஏற்றத்தில் அது 0.4 மி.மீ. நின்றுகொண்டிருக்கும் ஃபாலோயர் முதல் கணத்தில் 0.4 மி.மீ. தாவ வேண்டும் என்று அர்த்தம். மேலும் கீழும் நறுக்கி, இழுத்து, 0-க்கும் 1-க்கும் பொருத்திவிடலாம்தான். அப்போதும் முனையில் வேகம் பூஜ்யமாகாது. சராசரி வேகத்தில் 6.7 சதவீதம் மிச்சம் இருக்கும். சுவரில் மெல்ல மோதினாலும் அது மோதல்தான். எல்லையில்லாத வெளிக்காகப் பிறந்த சூத்திரத்தை எல்லைக்குள் வாழச் சொல்லக் கூடாது என்று அவர்களிடம் சொல்வேன். செங்குத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிதான் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது: ப-வை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, அதை அதனோடு (1−ப)-வின் அதே அடுக்கைச் சேர்த்து வரும் தொகையால் வகுத்தால் போதும். சரியாக 0-இல் தொடங்கும், சரியாக 1-இல் முடியும். நடுவில் உள்ள சரிவு அந்த அடுக்கு எண்ணேதான். அடுக்கு 3 என்றால் சரிவும் 3. முனையில் வேகமும் முடுக்கமும் பூஜ்யமாக இருக்க அடுக்கு 2-க்கு மேல் போனால் போதும்.

எதிர்ப்பக்கக் கோடியிலும் ஒரு வளைவு இருக்கிறது. கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் எழுதிக் காட்டியது. 1-ஐ ப-வால் வகுத்து, அதிலிருந்து 1-ஐ (1−ப)-ஆல் வகுத்து வருவதைக் கழித்து, அந்த எண்ணுக்கு இயற்கை மடக்கையின் அடியை உயர்த்தி, 1-ஐக் கூட்டி, அதைக் கொண்டு 1-ஐ வகுக்க வேண்டும். இதன் முனைகளில் வேகம், முடுக்கம், ஜெர்க், அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது என எத்தனை அடுக்கு தோண்டினாலும் எல்லாமே பூஜ்யம். முழுமையான அமைதி. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 5 பாகையில் ஃபாலோயர் நகர்ந்திருக்கும் தூரம் ஓர் அணுவின் குறுக்களவைவிடச் சிறியது. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு முடிந்தபோதும் நகர்வு நூறில் ஒரு மி.மீ.க்குக் குறைவு. கையிலிருக்கும் 0.167 விநாடியில் முதல் பத்து சதவீதத்தையும் கடைசிப் பத்து சதவீதத்தையும் இயந்திரம் சும்மா நின்று கழிக்கிறது. மிச்ச நேரத்துக்குள் மொத்தத் தூரத்தையும் போயாக வேண்டும் என்பதால் முடுக்கம் 9.8 வரை ஏறுகிறது. கேம் வெட்ட நான் அதை ஒருபோதும் எடுக்கமாட்டேன். ஆனாலும் அமைதிக்கும் விலைக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சூத்திரத்தை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படியிடம் எனக்குள்ள மரியாதைக்கு இன்னொரு காரணம், அது என் தொழிலுக்கு வெளியிலும் எங்கெல்லாம் வந்து நிற்கிறது என்பது. 1985-இல் தமர் ஃபிளாஷும் நெவில் ஹோகனும், மனிதக் கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பாதையை ஆராய்ந்தார்கள். கை தன் நகர்வில் மொத்த ஜெர்க்கைக் குறைக்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால் அளவீடுகளோடு நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். நேராகப் போய் நிற்கும் நகர்வுக்கு அந்தக் கொள்கை தரும் சூத்திரம் 10ப³ − 15ப⁴ + 6ப⁵. மேசையிலிருந்து டம்ளரை எடுக்க நீளும் கை, கேம் வெட்டுகிறவர்கள் 3-4-5 என்று கூப்பிடும் வளைவை ஒட்டியே போகிறது.

அதே 1985-இல் கென் பெர்லின், கணினியில் பளிங்கு, மேகம், நெருப்பு போன்ற ஒழுங்கற்ற பரப்புகளை வரையும் தன் நாய்ஸ் முறையை வெளியிட்டார். திரைப்படங்களுக்கு அது செய்த உதவிக்காக 1997-இல் அமெரிக்கத் திரைப்பட அகாதமி அவருக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது. வெளியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு மூலையின் மதிப்பிலிருந்து அடுத்த மூலையின் மதிப்புக்கு மெல்ல மாறிப் போக அவர் அப்போது எடுத்துக்கொண்டது மூன்றாம் படி, 3ப² − 2ப³. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அதன் இரண்டாம் வகைக்கெழு ஒட்டாது. பரப்பின் மேல் ஒளி விழுந்தால் கட்டத்தின் விளிம்புகள் கோடுகளாகத் தெரியும். 2002-இல் அவர் அதைத் திருத்தி எழுதினார். மாற்றாக அவர் வைத்தது 6ப⁵ − 15ப⁴ + 10ப³. எங்கள் ஃபிட்டர் அண்ணா காதால் கேட்ட அதே குறையை அங்கே கண் பார்த்திருக்கிறது, மருந்தும் ஒன்றேதான். அந்தக் கட்டுரையை வாசித்தபோது, என்றைக்கோ பிரிந்துபோன உறவினரைச் சந்தித்தது போன்ற நெகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது.

ஆனால் இதுவரை சொன்னவை எல்லாமே சமச்சீர் வளைவுகள். கிளம்புவதும் சேர்வதும் கண்ணாடிப் பிம்பம். நிஜ வேலைகள் பல அப்படிக் கேட்பதில்லை. அட்டைப் பெட்டியைத் தள்ளும் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முடுக்கும்போது தகடு பெட்டிக்குப் பின்னால் இருந்து தள்ளுகிறது. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் பெட்டி தகட்டோடு ஒட்டியே வரும். வேகத்தைக் குறைக்கும்போது பெட்டியைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை, அடியில் உள்ள உராய்வு மட்டும்தான். தகட்டின் வேகக்குறைப்பு உராய்வு தாங்குவதைத் தாண்டினால் பெட்டி தகட்டை விட்டுப் பிரிந்து தன்பாட்டுக்கு முன்னே வழுக்கிப் போய்விடும். அப்படி ஒரு வேலையில் எஃகுத் தகட்டின் மேல் அட்டையின் உராய்வு எண் 0.3 அளவில் இருந்தது. அதாவது 2.9 மீ/வி²-க்கு மேல் வேகத்தைக் குறைக்கக் கூடாது. தூரம் 200 மி.மீ., நேரம் 0.6 விநாடி. ஐந்தாம் படியைப் போட்டால் வேகக்குறைப்பு 3.2 மீ/வி². பெட்டி வழுக்குகிறது. நேரத்தைக் கூட்டித் தர முடியாது, ஏனென்றால் முன்னும் பின்னும் வேறு நகர்வுகள் காத்திருந்தன.

அங்கே எனக்குக் கைகொடுத்த சூத்திரம் இயந்திரவியலிலிருந்து வரவில்லை, நீரியலிலிருந்து வந்தது. பூண்டி குமாரசாமி என்று அறியப்படும் நீரியலாளர், 1980-இல் ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை என்று இரண்டு பக்கமும் அடைபட்ட அளவுகளுக்கான நிகழ்தகவுப் பரவல் ஒன்றை அதில் கொடுத்திருந்தார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டு, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். அதன் நீர் இருப்பு காலியைவிடக் கீழே போக முடியாது, கொள்ளளவைவிட மேலே போக முடியாது. இப்படிப்பட்ட அளவுகளுக்குப் பீட்டா பரவல் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதைக் கணக்கிடப் பொதுவாக அட்டவணையோ கணினியோ வேண்டும். குமாரசாமியின் திரள் சார்பு ஒரே வரி: ப-வை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, 1-இலிருந்து கழித்து, அதை இன்னோர் அடுக்குக்கு உயர்த்தி, மறுபடி 1-இலிருந்து கழிக்க வேண்டும். இரண்டு அடுக்குகள், இரண்டு திருகுகள். 0-இல் தொடங்கி 1-இல் முடிகிற ஓர் எஸ். இரண்டு அடுக்குகளையும் 2-க்கு மேல் வைத்தால் இரு முனைகளிலும் வேகமும் முடுக்கமும் பூஜ்யம்.

இரண்டையும் 3 என்று வைத்து, வளைவைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டோம். அப்போது அது (1 − (1−ப)³)³ ஆகிறது. புறப்பாடு உக்கிரமானது, உச்ச முடுக்கம் 8.7. நேரத்தில் 41 சதவீதம் கழிவதற்குள் பாதித் தூரம் முடிந்துவிடும். மிச்சப் பாதிக்கு நிதானமாக நேரம் இருக்கிறது, அதனால் வேகக்குறைப்பின் உச்சம் 5.05-ஐத் தாண்டாது. நம் தகட்டுக்கு அது 2.8 மீ/வி². புறப்பாட்டில் 4.9 மீ/வி² வருகிறதுதான். அதை மோட்டார் தாங்கும், பெட்டிக்குப் பின்னால் தகடு இருக்கிறது. பெட்டி நழுவவில்லை.

இன்னொரு வசதியையும் அந்த வேலையில்தான் முழுதாக உணர்ந்தேன். பெட்டி குறித்த ஓர் இடத்தைக் கடக்கும்போது பசை பீச்சும் நாசிலுக்குச் சிக்னல் போக வேண்டும்; அதாவது தூரத்தைக் கொடுத்து நேரத்தைக் கேட்கிற கணக்கு. ஐந்தாம் படியில் அதற்கு எளிய விடை இல்லை. நியூட்டன் முறையில் தேடித் தேடி நெருங்க வேண்டும். குமாரசாமி வளைவில் கனமூலத்தை இரண்டு முறை எடுத்தால் முடிந்தது. தூரத்தின் கனமூலத்தை 1-இலிருந்து கழித்து, அதற்குக் கனமூலம் எடுத்து, மறுபடி 1-இலிருந்து கழித்தால் நேரத்தின் பங்கு கிடைத்துவிடும். எங்களிடமிருந்த சிறிய கண்ட்ரோலருக்கு அந்தக் கணக்கு ஒரு பாரமாகவே இல்லை. பசைப் புள்ளி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே இடத்தில் விழுந்தது. இயந்திரத்தை வாங்கியவர்கள் அதன் பிறகு மூன்று அளவுப் பெட்டிகளுக்கு வளைவு கேட்டார்கள். உராய்வை மட்டும் ஒவ்வொன்றுக்கும் அளந்து அனுப்பச் சொல்லி, அடுக்குகளை மாற்றிக் கொடுத்தேன்.